அடையாள அட்டையை நம்பி அட்டவணை போட்ட கதை

குறுக்குத்தெருக்காரன்:
கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மாமாவுக்குப் பருப்பு, வெங்காய மொத்தக் கடை. பாதி வியாபாரம் கடன் கொப்பியில்தான் ஓடும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த தைரியத்தில், "இதை டேட்டாபேஸ் ஆக்கித் தாறன் மாமா" என்று இறங்கினேன்.

வாடிக்கையாளர் அட்டவணைக்கு முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நிரல், அடையாள அட்டை இலக்கம். ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வீ, ஆக பத்து எழுத்து. முதல் வாரமே ஓர் இளைஞர் 12 இலக்க அட்டையோடு வந்து நின்றார். அந்த முறை 2016இல் வந்தது, எனக்குத்தான் நினைவில்லை. சரி, பத்தைப் பன்னிரண்டாக்கினேன்.

பெரிய அடி பிறகுதான் விழுந்தது. கொட்டாஞ்சேனைக் கடை ஒன்றின் முதலாளி கணக்குத் தீர்க்க வந்தார். கணினி பாதிக் கடனையே காட்டியது. மீதி அவருடைய தம்பி பெயரிலும் மகன் பெயரிலும் கிடந்தது, சரக்கு எடுக்க வந்தது அவர்கள் என்பதால். மாமா கொப்பியை விரித்தார். அதில் எந்த ஆளின் பெயரும் இல்லை, கடையின் பெயர்தான். கடன் கடையுடையது, ஆள் வெறும் வந்துபோகிறவர். அன்றிரவே கடைகளுக்குத் தனி அட்டவணை போட்டு, தொடர் இலக்கத்தைச் சாவியாக்கி, ஆட்களை அதோடு இணைத்தேன்.

இன்னொன்று. 2022இல் விலை ஏறிக்கொண்டே போனது. பில்லில் பொருளின் இலக்கத்தை மட்டும் வைத்து, விலையைப் பொருள் அட்டவணையில் இருந்து எடுத்தேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்றுதானே படித்தோம்? பருப்பு விலையை மாற்றியதும் போன மாதப் பில்களின் மொத்தமும் ஏறிவிட்டது. "தம்பி, வித்த விலை வேற, இண்டைய விலை வேற" என்றார் மாமா. இப்போது பில்லின் ஒவ்வொரு வரியிலும் விற்ற விலை இருக்கிறது.

வெள்ளவத்தை அக்கா:
எனக்கும் இப்படி ஓர் அனுபவம், ஒரு டியூட்டரிக்கு டேட்டாபேஸ் செய்து கொடுத்தபோது. மாணவர் அட்டவணையில் பாடம்1, பாடம்2, பாடம்3 என்று மூன்று நிரல்கள் போட்டேன். நான்கு பாடம் எடுக்கும் பிள்ளை வந்ததும் நான்காவது நிரல். அப்புறம் இரசாயனவியல் யார் யார் படிக்கிறார்கள் என்று சேர் கேட்டார். நான்கு நிரலிலும் தேடவேண்டி வந்தது. மாணவருக்கும் வகுப்புக்கும் நடுவில் சேர்வு என்று ஓர் அட்டவணை போட்ட பிறகுதான் அடங்கியது.

அடுத்த மாதம் அக்காவும் தங்கச்சியுமாக இருவர் சேர்ந்தார்கள். தங்கச்சிக்குக் கணிதத்துக்கு மட்டும் அரைக் கட்டணம். அதை எங்கே எழுதுவது? மாணவரிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. அவள் அந்த வகுப்பில் சேர்ந்த வரியில். டேட்டாபேஸைத் திட்டமிட பீட்டர் சென் 1976இல் தந்த வரைபடத்தில் மாணவர், வகுப்பு போன்றவை பெட்டி, அவற்றுக்கு இடையிலான தொடர்பு சாய்சதுரம். பரீட்சைக்காக அதை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! சாய்சதுரத்துக்கும் சொந்தப் பண்பு உண்டு என்பது இந்தத் தங்கச்சியால்தான் உறைத்தது.

புள்ளிராஜா:
நான் வேலை செய்த இடத்தில் குடும்பப் பெயர் நிரல் கட்டாயம். நம் ஆட்களுக்கு அப்பாவின் பெயர், அதுவும் முதலெழுத்தாக. ஒரு புள்ளி வைத்தால் கணினி ஏற்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வருட முடிவில் குடும்பப் பெயர் வரிசையில் பட்டியல் எடுத்தோம். முதல் பக்கம் முழுக்கப் புள்ளி, அத்தனை பேரும் எங்கட ஆட்கள்.