டெக்சாஸ் பிரதிநிதிகள் சபை: முன்னாள் காங்கிரஸ் ஊழியர் போட்டியிட்டால்?

கேள்வி: வாஷிங்டனில் ஒரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரிடம் பணியாற்றி விலகியவர், டெக்சாஸ் பிரதிநிதிகள் சபைக்கு (மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை) நிற்கலாமா? முதல் வேலை எது?

பதில் 1: நிற்கலாம். வயது 21, மாநிலத்தில் 2 ஆண்டு, தொகுதியில் 1 ஆண்டு வசிப்பு. எதிராளி முதலில் கிளறுவது வசிப்பைத்தான். வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே இருந்தால் வசிப்பு போய்விடாது. ஆனால் வாக்காளர் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் வாஷிங்டனுக்கு மாற்றியிருந்தால் வாதம் பலவீனம்.

முதல் வேலை பிரச்சாரப் பொருளாளர் நியமனப் படிவம். பிரச்சார நிதியைக் கண்காணிக்கும் டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷனில் அதைக் கொடுக்கும்வரை ஒரு டாலர்கூட வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. சொந்தப் பணத்தில் மனுக் கட்டணம் கட்டுவதும் செலவுதான்; பலர் சறுக்குவது இங்கேதான்.

பதில் 2: கட்சி முதற்கட்டத் தேர்தலுக்கு (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு) மனுக் கட்டணம் 750 டாலர், அல்லது 500 கையெழுத்து. கூடுதலாகவே வாங்குங்கள், தொகுதி மாறிய கையெழுத்துகள் தள்ளுபடியாகும். கெடு ஒற்றைப்படை ஆண்டின் டிசம்பர் இரண்டாம் திங்கள், மாலை 6 மணி.

பதில் 3: பழைய அலுவலகத்தில் உதவி கேட்டு வந்தவர்களின் பட்டியலைத் தொடவே வேண்டாம். அது அலுவல் பணிக்கானது, பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வாக்காளர் பட்டியலைத் தனியே வாங்குங்கள். கார்ப்பரேட் நிறுவனக் காசோலை வந்தால் திருப்பி அனுப்புங்கள், வேட்பாளருக்கு அது தடை.