சாம்பல் ஜோடிக்குப் பழுப்புக் குஞ்சு: ஃபிஞ்ச் நிறங்களில் நாங்கள் கண்டவை

ஃபிஞ்ச் என்னும் சிறு கூண்டுப் பறவைகளை வளர்க்கும் சிலர் ஒருவருக்கொருவர் எழுதியவை இவை. ஒவ்வொரு நட்சத்திரக் குறிக்குப் பிறகும் எழுதுபவர் மாறுகிறார்.

சாம்பல் நிற ஜீப்ரா ஃபிஞ்ச் ஜோடி ஒன்றின் கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சுகளுள் ஒன்று மட்டும் வெளிர் பழுப்பாக இருந்தது. ஃபான் என்கிறோமே, அந்த நிறம். அலகு இன்னும் கறுப்பு. கன்னத்தில் ஆரஞ்சு நிறமும் மார்பில் கோடுகளும் வந்தால்தான் ஆண் என்று சொல்ல முடியும். அதற்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. ஆனாலும் அது பெண் என்று அன்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பெண்ணாகத்தான் வளர்ந்தது.

ஜோசியம் ஒன்றுமில்லை. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். ஃபான் நிறத்துக்கான மரபணு இசட்டில் இருக்கிறது, அதுவும் ஒடுங்கிய நிலையில்: இன்னோர் இசட்டில் சாம்பல் மரபணு இருந்தால் இது வெளியே தெரியாது. மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் பெறுகிறாள். சாம்பல் நிறத் தகப்பன் ஃபானை உள்ளே மறைத்து வைத்திருந்தால், அதாவது ஸ்ப்ளிட்டாக இருந்தால், சராசரியாக மகள்களில் பாதிப்பேரிடம் அது வெளிப்பட்டுவிடும். மகன்களுக்குத் தாயின் சாம்பல் இசட் துணைக்கு வருவதால் வெளியே தெரியாது.

இன்னொன்றும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஃபானைப் பொறுத்தவரை பெண் பறவை ஸ்ப்ளிட்டாக இருக்கவே முடியாது. இருப்பது ஓர் இசட். அதில் எதை எதற்குப் பின்னால் ஒளிப்பது? “இரண்டுமே ஃபான் ஸ்ப்ளிட்” என்று சொல்லி எனக்கு ஒரு ஜோடியை விற்றவரிடம் இதைக் கேட்டேன். “வளர்த்துப் பாருங்கள், தெரியும்” என்றார். தெரிந்தது. அடுத்தடுத்த அடைகளில் ஒரு மகள்கூட ஃபானாகப் பிறக்கவில்லை. ஆணும் ஸ்ப்ளிட் இல்லை போலும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபான் ஆணையும் சாம்பல் பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மகள்கள் எல்லாம் ஃபான், மகன்கள் எல்லாம் சாம்பல். கூட்டை விட்டு இறங்கும்போதே ஆண், பெண் பிரித்துவிடலாம்.

* * *

என்னுடையது இதற்கு நேர் எதிரான கதை. வெள்ளை ஆண், வெள்ளைப் பெண். பிறந்த குஞ்சுகள் அத்தனையும் சாம்பல்! வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள், ஏதோ நான் முட்டையை மாற்றி வைத்துவிட்டதுபோல.

ஓர் அனுபவசாலி வந்து பெண் பறவையின் கண்ணுக்குக் கீழே பார்க்கச் சொன்னார். கண்ணீர் வழிந்த தடம்போல மங்கலான ஒரு கோடு இருந்தது. வாலிலும் லேசான பட்டைகள். முழு வெள்ளையில் இவை இருக்காது. என் பெண் பறவை செஸ்ட்நட் ஃபிளாங்க்ட் வொயிட் என்ற வேறு வகை. அந்த வகை ஆணுக்குக் கன்னமும் விலாவும் நிறமாக இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். பெண் மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகவே தெரியும்.

முழு வெள்ளை ஒடுங்கிய பண்புதான், ஆனால் பால் குரோமோசோமில் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். செஸ்ட்நட் வகையோ இசட்டில் இருப்பது. இரண்டும் தனித்தனி மரபணுக்கள். தகப்பனிடம் இல்லாததைத் தாயும், தாயிடம் இல்லாததைத் தகப்பனும் கொடுத்ததால் குஞ்சுகள் காட்டு நிறத்துக்கே திரும்பிவிட்டன. அவற்றுள் ஓர் ஆணைச் சம்பந்தமில்லாத சாம்பல் பெண்ணோடு சேர்த்தேன். மகள்களில் சில, பொரித்தபோதே கண்கள் சிவப்பாகத் தெரிய, செஸ்ட்நட்டாக வந்தன. அதன் பிறகுதான் வீட்டில் என் பெயர் தேறியது.

* * *

கொண்டை வைத்த ஜீப்ராவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கொண்டை ஓங்கிய பண்பு. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். இரு பக்கத்திலிருந்தும் வந்தால் கரு பிழைப்பதில்லை. கொண்டை ஆணையும் கொண்டைப் பெண்ணையும் சேர்த்தால் கருவுற்ற முட்டைகளில் சராசரியாகக் கால் பங்கு வீண். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டும் கொண்டையாக இருந்தால் கொண்டை பெரிதாக வரும் என்று நம்பி அப்படியே சேர்த்துக்கொண்டிருந்தார். கொண்டைக்குக் கொண்டையில்லாத துணையே சரி. பாதிக் குஞ்சுகளுக்குக் கொண்டை வரும், ஒன்றும் வீணாகாது. பெங்காலிஸ் ஃபிஞ்சுக்கும் இதே கதைதான்.

* * *

ஒரு திருத்தம். பொரிக்காத முட்டைக்கெல்லாம் கொண்டையைக் குற்றம் சொல்லக் கூடாது. கருவே கூடாத முட்டை, பாதியில் அடையை விட்டதால் குளிர்ந்த முட்டை, சுண்ணாம்புச் சத்துப் போதாமல் ஓடு மெலிந்த முட்டை எல்லாம் உண்டு. கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் இருக்கட்டும். அடை தொடங்கி ஒரு வாரம் கழித்து முட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரத்த நாளங்கள் ஓடியிருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பார்த்த பிறகு பேசலாம்.

அப்புறம், பழுப்புக் குஞ்சைப் பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஜோடி தனிக் கூண்டிலா, பொதுக் கூண்டிலா? பொதுக் கூண்டென்றால் உங்கள் கணக்கை நான் ஏற்கமாட்டேன். ஜீப்ரா ஃபிஞ்ச் ஒரே துணையோடு வாழ்வது என்று பெயர்தான். பக்கத்துக் கூட்டு ஆணும் தகப்பனாகலாம். ஒரு பெண் தன் முட்டையை இன்னொருத்தியின் கூட்டில் இட்டுவிட்டுப் போவதும் உண்டு. கூண்டு மாற்றினாலும் உடனே தீராது. விந்தணுக்கள் பெண்ணின் உடலில் பத்து நாள், சிலவேளை அதற்கு மேலும், உயிரோடு இருக்கும். பொதுக் கூண்டிலிருந்து எடுத்துப் புது ஆணோடு சேர்த்த பெண்ணின் முதல் அடையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிறம் பார்த்துப் பரம்பரை எழுதுபவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

* * *

நான் கூல்டியன் என்னும் பலவண்ண ஃபிஞ்ச் வளர்ப்பவன். எங்கள் பாடு பொறுமைப் பாடு. குஞ்சுகள் எல்லாம் முதலில் சாம்பலும் மங்கிய பச்சையுமாக ஒரே மாதிரி இருக்கும். இறகு உதிர்த்து முடிக்கும்வரை தலை நிறம் தெரியாது.

சிவப்புத்தலை ஓங்கியது, கருந்தலை ஒடுங்கியது, இரண்டும் இசட்டில். காட்டில் என்னவோ கருந்தலைதான் அதிகம். ஓங்கிய பண்பு என்றால் எண்ணிக்கையிலும் அதுவே அதிகமாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். காட்டில் மஞ்சள்தலை மிக அரிது. அது வேறொரு குரோமோசோமில் இருக்கும் ஒடுங்கிய பண்பு. கருந்தலைப் பறவையிடம் அது இரட்டையாக இருந்தாலும் தலையில் தெரியாது. ஆனால் அலகின் நுனி காட்டிக்கொடுத்துவிடும்: சிவப்பாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருக்கும். பறவையை வாங்கும்போது நான் தலையைவிட அலகைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

* * *

பழுப்புக் குஞ்சின் ஆள் நான்தான். கேள்வி நியாயமானது. தனிக் கூண்டுதான், அந்த ஜோடி குஞ்சிலிருந்தே வேறு பறவைகளோடு சேர்ந்ததில்லை. அடுத்த அடையிலும் ஒரு ஃபான் மகள் வந்ததால் தகப்பன் ஸ்ப்ளிட் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது எனக்கு வேண்டியது ஃபான் ஆண். அதற்குத் தாயும் ஃபானாக இருக்க வேண்டும். மகளையே தகப்பனோடு சேர்த்துவிடு, வேலை சீக்கிரம் முடியும் என்று இருவர் சொன்னார்கள். முடியும், ஆனால் நெருங்கிய இரத்தத்தில் சேர்த்துச் சேர்த்து உருவம் சிறுத்துப்போன, பொரிக்கும் திறன் குறைந்த பறவைகளை மற்றவர் கூண்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு வழியில் வந்த ஃபான் பெண் ஒன்றை அந்த ஆணோடு சேர்த்திருக்கிறேன். சராசரிக் கணக்கில் பாதிக் குஞ்சுகள் ஃபானாக வரவேண்டும், மகன்களும் சேர்த்து. பாதி என்பது பெரிய எண்ணிக்கைக்கான கணக்கு. ஓர் அடைக்குள் எல்லாமே சாம்பலாக வந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். பெண் அடையில் உட்கார்ந்துவிட்டது. பொரிக்க இரண்டு வாரம், இறங்க மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டு, இறகு முளைத்ததும் நிறத்தை எழுதுகிறேன்.