'டைகாட்டமஸ் கீ' என்பதற்குக் 'கவைவழி': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஒவ்வொரு படியிலும் எதிரெதிரான இரண்டு கூற்றுகளுள் பொருந்துவதைத் தேர்ந்துகொண்டே சென்று தாவரங்களை இனங்காண உதவும் 'டைகாட்டமஸ் கீ' (dichotomous key) என்பதற்கு 'இருகிளைத் திறவுகோல்', 'இருபிரிவுத் திறவி' ஆகிய இரண்டு சொற்கள் இங்கே நடக்கும் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் உள்ள 'திறவு' என்ற பகுதியை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. காரணத்தை, சென்ற பங்குனியில் ஒரு மரத்தடியில் நின்று நான் பட்ட பாட்டிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அழகர்மலை அடிவாரத்தில் உறவினர் ஒருவர் வாங்கிய புஞ்சையின் மேற்கு ஓரத்தில், வழவழப்பான சாம்பல் நிறப் பட்டையோடு உயரமான மரம் ஒன்று இலையெல்லாம் உதிர்ந்து நின்றது. வேலி போடுவதற்காக அதை வெட்டிவிடலாமா என்று அவர் கேட்டார். பெயர் தெரியாமல் வெட்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டு, கையில் இருந்த கீயின்படி ஒவ்வொரு பண்பாகப் பார்க்கத் தொடங்கினேன். இலை மடல்களாகப் பிரிந்துள்ளதா, பிரியாமல் முழுமையாக உள்ளதா என்பது தொடக்கத்திலேயே வரும் கேள்வி. கீழே காய்ந்து கிடந்தவற்றுள் முதலில் அகப்பட்ட இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. அந்தப் பக்கமே போனேன். கோங்கு மரம் என்ற முடிவில் வந்து நின்றேன். கோங்கும் வறண்ட பாறைக் குன்றுகளில் வளர்வது, கோடையில் இலையுதிர்ந்து நிற்பது என்பதால் ஓரளவு நம்பவும் செய்தேன். ஆனால், கோங்கின் காய் வெடித்தால் பஞ்சு பறக்க வேண்டும். இங்கே பஞ்சும் இல்லை, வெடித்த காயும் இல்லை.

ஆகவே, பிரிந்த இடத்துக்கே திரும்பி வந்து சருகை இன்னும் கிளறினேன். மடலே இல்லாத, அடி அகன்று நுனி கூர்த்த இலைகளும் அதே மரத்தடியில் கிடந்தன. இளங்கிளைகளில் மடலுள்ள இலையும், முதிர்ந்த கிளைகளில் மடலற்ற இலையும் விடும் மரம் அது. மற்றப் பக்கம் போனபோது காய் வழிகாட்டியது. ஆயாமரத்தின் காயைப் போல விதையைச் சுற்றி வட்டமாகச் சிறகு அமையாமல், கொட்டையின் தலையிலிருந்து நீண்ட இரு சிறகுகள் எழுந்திருந்தன. மேலே எறிந்தால் பம்பரம் போலச் சுழன்று இறங்கியது. ஜைரோகார்ப்பஸ் அமெரிக்கானஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். சுழல், கனி என்னும் பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அதன் பேரினப் பெயர். அவ்வழியே ஆடு மேய்த்து வந்த பெரியவரிடம் கேட்டபோது, அண்ணாந்தே பார்க்காமல், கீழே கிடந்த காயைக் கண்டே, "இது தணக்குல்ல" என்றார். குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் 'பல்பூந் தணக்கம்' என்று வரும் பெயர், அந்தப் பெரியவர் வாயில் இன்றும் புழங்குவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. மரமும் பிழைத்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். திறவுகோல் பொருந்தினால் திறக்கும், இல்லையேல் திறக்காது. தவறாகத் திறந்து வேறொரு வீட்டுக்குள் கொண்டுபோய் விடுவதில்லை. நான் செய்ததோ வழி நடந்தது: பிரிவில் ஒரு பக்கம் திரும்பினேன், தவறினேன், பிரிவுக்கே மீண்டேன். 1778 என்று ஆண்டிட்ட தம் நூலில் பிரான்சின் தாவரங்களுக்கு இம்முறையைக் கையாண்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்கும் அதைப் 'பகுப்பாய்வு முறை' என்றே அழைத்தார்.  சாவி என்ற உருவகத்தை நாமும் சுமந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்லும்போது, சூலம் போல 'அருநெறி கவர்க்கும்' (வழி கிளைகளாகப் பிரியும்) என்கிறான். அதை ஒட்டிக் 'கவர்நெறி' என்றே முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால், இன்றைய மாணவருக்கு அது கவர்ச்சியைத்தான் நினைவூட்டும். அதே பொருளுள்ள 'கவை' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. முள்ளை ஒதுக்கும் கவைக்கம்பு நம் பக்கத்து உழவர் எல்லார் கையிலும் உண்டு. எனவே 'கவைவழி' என்பது என் முன்மொழிவு. பிரியும் இடம் 'கவை' ஆகும். அங்கே எதிரெதிராக நிற்கும் இரு கூற்றுகளைக் 'கவையிணை' எனலாம். சூலம் போல மூன்றாகப் பிரிவதும் உண்டு என்பதால், கண்டிப்பாக இரண்டிரண்டாகவே பிரிவதை 'இருகவைவழி' என்று தனித்துச் சுட்டலாம்.

கணினியில் எந்தப் பண்பிலிருந்தும் தொடங்கக்கூடிய கீகளுக்கு இப்படிப் பிரிவைக் குறிக்கும் சொல் பொருந்தாது என்று அம்மையார் ஒருவர் இங்கே எழுதியிருந்தது சரியே. அவற்றில் பிரிவும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. கொடுக்கக் கொடுக்கப் பொருந்தாதவை கழிந்து மிஞ்சியவை நிற்கின்றன. அதற்குப் 'பண்புச் சல்லடை' என்று வேறொரு சொல்லே வேண்டும் என்பது என் கருத்து.