பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு வாங்க வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவான மனையில் உள்ள ஓர் ஓட்டு வீட்டை வாங்கப் பேசி வருகிறேன். விற்பவர்களின் தந்தை 1962-இல் கிரையம் பெற்ற சொத்து. அவர் இப்போது இல்லை. மகன்கள் இருவரும் விற்க முன்வந்துள்ளார்கள். மகள் திருமணமாகி மலேசியாவில் இருக்கிறார், "தங்கை எதுவும் சொல்ல மாட்டாள்" என்கிறார்கள். பத்திரம் எழுதுவதிலிருந்து பதிவு முடியும்வரை எல்லாவற்றையும் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரே பார்த்துக்கொள்வார் என்று தரகர் கூறுகிறார். கடன் வாங்கப்போவதால் வங்கியின் வழக்கறிஞரும் ஆவணங்களைப் பார்ப்பார். இந்த இருவர் இருக்கும்போது, மூன்றாவதாக ஒருவருக்கு நான் கட்டணம் கொடுக்கத்தான் வேண்டுமா? வெள்ளிக்கிழமை 2 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள்.

ராயபுரம் பெரியவர்:

தம்பி, கொடுக்கத்தான் வேண்டும். 2009-இல் காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் தரகர் காட்டிய வழக்கறிஞரையே நம்பினேன். சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அடமானமும் இல்லை, வழக்கும் இல்லை. முன்பணம் கொடுத்த பிறகு, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் வேறொரு வழக்கறிஞரிடம் நகலைக் காட்டினேன். அவர் சொத்து விவரத்தில் இருந்த ஒரே ஒரு சொல்லின் மீது விரலை வைத்தார்: "மேற்கட்டுமானம்". விற்பவருக்குச் சொந்தமானது சுவரும் கூரையும் மட்டுமே. அடிமனை வேறொருவருடையது, அதற்கு மாதாமாதம் தரைவாடகை போய்க்கொண்டிருந்தது. வாடகை மனையில் கட்டடம் கட்டியவர்களுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக 1921-லேயே தனிச் சட்டம் வரும் அளவுக்கு நம் ஊரில் இது பழைய வழக்கம். ஆகவே அது மோசடியென்று சொல்ல முடியாது, பத்திரத்திலேயே இருந்ததை நான்தான் படிக்கவில்லை. முதல் வழக்கறிஞர் படித்திருப்பார். ஆனால் விற்பனை முடிந்தால்தான் அவருக்கும் கூலி. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

தம்புச் செட்டித் தெரு குமாஸ்தா:

இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வங்கியின் வழக்கறிஞர் தரும் கருத்துரைக்கான பணம் உங்கள் கையிலிருந்து போனாலும், அவருடைய கட்சிக்காரர் வங்கிதான். கொடுத்த கடனை இந்தச் சொத்திலிருந்து மீட்க முடியுமா என்பதே அவருக்கு முன்னுள்ள கேள்வி. முன்பணம் கொடுக்கலாமா, ஒப்பந்தத்தில் எந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் அவர் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. பெரும்பாலும் முன்பணம் கைமாறிய பிறகுதான் கோப்பே அவர் மேசைக்குப் போகும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்தத் தங்கைதான். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்துக்களைப் பொறுத்தவரை 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. திருமணமானது அந்தப் பங்கைக் குறைக்காது. தந்தை இறந்தபோது தாய் உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. (மற்ற சமயத்தவருக்கு விதிகள் வேறு, குடும்பத்தின் சமயத்தைச் சொல்லாமல் யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள்.) எனவே வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் பெயருள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். தங்கையால் வர இயலாவிட்டால், மலேசியாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தமக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும். "சொல்ல மாட்டாள்" என்பதைச் சார்பதிவாளர் பதிவு செய்ய முடியாது.

உயில் இருப்பதாக யாராவது பிறகு சொன்னால் கூடுதல் கவனம் தேவை. பதிவான உயில்கூட வில்லங்கச் சான்றில் வராது. பழைய சென்னை நகர எல்லைக்குள் இருந்த சொத்துகளுக்கான உயிலை உயர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தவரை, விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. உரிமையியல் பக்கம் பழகியவராக இருக்கட்டும். வடசென்னைப் பத்திரங்களில் பழைய கதவு எண், புதிய கதவு எண், ஆர்.எஸ். எண் (மறு நில அளவை எண்), சி.சி. எண் (ஆட்சியர் சான்றிதழ் எண்) என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். 1962-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, இன்றைய நகர நில அளவைப் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தவரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கருத்துரையை எழுத்தில், குறைகளையும் இன்னும் வரவேண்டிய ஆவணங்களையும் குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரே வரியில் தருபவரிடம் கொடுக்கும் பணம் வீண். பத்திர எழுத்தர் வேறு, வழக்கறிஞர் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எழுத்தர்களில் பலர் உண்டு, ஆனால் உரிமையை ஆராய்வது அவர்கள் வேலையன்று.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்கே 9 சதவீதம் கட்டப் போகிறீர்கள். அதன் பக்கத்தில் வழக்கறிஞர் கட்டணம் சிறிய தொகைதான்; ஆனால் முதலிலேயே மொத்தமாகப் பேசி, நகல் எடுக்கும் செலவும் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர் சகோதரி:

மேலே ஐயா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வழக்கறிஞரை வைத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நாங்கள் வீட்டை விற்றபோது எங்கள் வழக்கறிஞரிடம் கோப்பு ஆறு வாரம் அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு வாரமும் எது வந்தது, எது வரவில்லை என்று கேட்டபடியே இருக்க வேண்டும். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டு வராதீர்கள். நகல் கொடுத்தால் போதும், சரிபார்க்க அசலை எடுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். விற்பவர் அசலைக் காட்டத் தயங்கினால், அது எங்கே அடகில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர் யார் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களே போய்க் கதவைத் தட்டிப் பேசுங்கள்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு 2 லட்சம் கொடுத்துவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசி:

மிக்க நன்றி. தரகரிடம் வெள்ளிக்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் காத்திருப்பதாகச் சொன்னார், இருக்கட்டும் என்றேன். வாரிசுச் சான்று கேட்டபோது இன்னும் வாங்கவே இல்லை என்று மூத்த மகன் ஒப்புக்கொண்டார். தங்கையின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருக்கிறேன். எழும்பூரில் உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரைத் திங்கட்கிழமை மாலை சந்திக்கிறேன். 1962 பத்திரத்தின் நகலில் "மேற்கட்டுமானம்" என்ற சொல் இருக்கிறதா என்று நேற்றிரவு இரண்டு முறை படித்துப் பார்த்தேன், இல்லை. ஆனால் வடக்கு எல்லையாகக் குறிப்பிட்டிருக்கும் சந்து இப்போது அங்கே இல்லை, அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர்தான் இருக்கிறது.

தம்புச் செட்டித் தெரு குமாஸ்தா:

அந்தச் சந்து இல்லாமல் போனதைப் பற்றி வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள். நில அளவைப் பதிவேட்டின் நகலோடு வரைபடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அளவர் ஒருவர் வந்து அளந்து தரும்வரை ஒப்பந்தத்தில் சதுர அடியைக் குறிப்பிட வேண்டாம்.