வாசகர்களும் பேசும் இலக்கிய விழா: யோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். எங்கள் வட்டார அளவில் வாசகர்களுக்கும் எழுத்தாளர்களுக்குமாக இரண்டு நாள் இலக்கிய விழா நடத்தப் போகிறோம். நிகழ்ச்சி நிரல் என் பொறுப்பு. அரங்கு, ஒலிபெருக்கி, புத்தகக் கடைக்கான இடம் எல்லாம் முடிவாகிவிட்டன. சிக்கல் வாசகர் பகுதியில்தான்.

வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேடையில் நான்கு பேர் பேசி நேரத்தைத் தாண்டிவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு. மைக் கைக்கு வந்தவர் கேள்வியை விட்டுவிட்டுச் சொற்பொழிவே ஆற்றுவார். பக்கத்துக்குப் பக்கம் துண்டுக் காகிதம் செருகிய புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வாயே திறக்காமல் கிளம்பிவிடுவார். எனக்கு அவர்தான் முக்கியம்.

வேல்ஸில் ஹே-ஆன்-வை என்ற சின்ன ஊரில் 1988இல் தொடங்கிய விழா இன்று உலகப் பெயர் பெற்றுவிட்டது. அந்த ஆசையெல்லாம் எங்களுக்கு இல்லை. பத்துப் பேர் மனம்விட்டுப் பேசினால் போதும்.

ஒரு நூலை முன்கூட்டியே அறிவித்து, அதைப் படித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசலாம், எழுதியவர் முதல் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவர் எதிரிலேயே இருந்தால் குறை சொல்லத் தயங்குவார்களோ? கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கலாம் என்கிறார் நண்பர் ஒருவர். அதில் உயிர் இருக்காது.

இப்படி நடத்திப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வட்டத்துக்கு எத்தனை பேர் சரியாக வரும்? நெறியாளராக எழுத்தாளரைப் போடலாமா, நல்ல வாசகரையா? அப்புறம், நெறியாளருக்கும் சன்மானம் கொடுக்கிறீர்களா? அடுத்த வாரம் நிரல் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.