நகர்ப் புதுப்பிப்பு: பல அமைப்புகள் சேர்ந்து செய்வதா, ஒரே அமைப்பிடம் விடுவதா?

வரைபடக்காரன்:
நலிந்த பகுதியைச் சீரமைக்க வேண்டுமென்றால் நகராட்சி, வீட்டுவசதி, காவல், சுகாதாரம், குடியிருப்போர் சங்கம் எல்லோரும் சேர்ந்த கூட்டமைப்புதான் வழி என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. லண்டன் துறைமுகப் பகுதிக்கு 1981-இல் ஒரே மேம்பாட்டுக் கழகம் அமைத்து, திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள். 1998-இல் அது கலைக்கப்படும்போது அங்கே இலகு ரயில், விமான நிலையம், கேனரி வார்ஃப் என்ற வங்கி, அலுவலக வட்டாரம் எல்லாம் வந்திருந்தன. கூட்டமைப்பு என்றால் இதில் பாதி வந்திருக்குமா?

தெற்குவீதி:
வந்தன, சரி. யாருக்கு? துறைமுகம் மூடி வேலை இழந்தவர்கள் வங்கி வேலைக்கா போக முடியும்? கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை விற்பனைக்கு. உள்ளூர் மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்துவிட்டதால், தட்டிக் கேட்கவும் மக்களுக்கு ஆள் இல்லை.
அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டட்லி தெருவைப் பாருங்கள். குப்பை கொட்டும் இடமாகிப்போன காலி மனைகளை மீட்க 1984-இல் மக்கள் ஒன்றுகூடினார்கள். தொண்டு நிறுவனங்கள் முதலில் போட்ட திட்டத்தில் நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குக் கொஞ்சம் இடம்தான். அவர்கள் சண்டை போட்டுப் பெரும்பான்மை வாங்கினார்கள். 1988-இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமே அவர்கள் அமைப்புக்குக் கிடைத்தது! அப்படி மீட்ட நிலம் அவர்கள் அமைத்த அறக்கட்டளைக்குச் சொந்தம், அதன் மேல் கட்டிய வீடு குடும்பத்துக்கு, வீட்டின் மறுவிற்பனை விலைக்கு வரம்பு. அதனால்தான் ஏழைக் குடும்பங்கள் அங்கே நிலைக்க முடிகிறது.

வரைபடக்காரன்:
நீங்கள் சொன்னது என் பக்கம்தானே நிற்கிறது? ஒரே அமைப்பு, அதன் கையில் நிலம், அதனால் வேலை நடந்தது.

தெற்குவீதி:
அந்த அமைப்பை நடத்துவது யார் என்பதுதான் கேள்வி. அதைத் தாண்டிப் போகாதீர்கள். அப்புறம், நகர நிர்வாகம் துணை நிற்காமல் அந்த அதிகாரம் வந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
ஒரு கூட்டமைப்பில் வரவுசெலவு பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் கருத்து வேறுபாடு அல்ல, பணம் வரும் விதம். ஒவ்வொரு துறைக்கும் தனி விதி, தனி அறிக்கை. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். உடனே என்ன செய்வார்கள்? மக்களைக் கேட்க நேரமில்லை என்று நடைபாதைக் கல்லை மாற்றுவார்கள்.
இங்கிலாந்தில் 1998-இல் தொடங்கிய ‘சமூகங்களுக்கான புதிய ஒப்பந்தம்’ என்ற அரசுத் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. 39 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 கோடி பவுண்டு, பத்தாண்டு அவகாசம். பல இடங்களில் குடியிருப்போர் தேர்தலில் நின்று நிர்வாகக் குழுவுக்கு வந்தார்கள். தொடக்க ஆண்டுகள் பல இடங்களில் இழுபறிதான். ஆனால் புதியவர்கள் வரவுசெலவைப் படிக்கவே காலம் வேண்டும், அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வரைபடக்காரன்:
பத்தாண்டு நிதி என்பதை ஏற்கிறேன். ஆனால் இழுபறி நடக்கும்போது ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவர் எத்தனை ஆண்டு காத்திருப்பார்?

தெற்குவீதி:
கூரையை இன்றைக்கே சரிசெய்யுங்கள், அதற்குக் கூட்டமே வேண்டாம். அந்தத் தெருவையே இடித்துக் கட்டுவதென்றால், அவர் ஓட்டு இல்லாமல் ஒரு கல்லையும் தொடாதீர்கள்.