10 வருஷமா, 11 வருஷமா? வர்ஜீனியா டிராஃபிக் கோர்ட் ரெக்கார்ட்

கோர்ட்டுக்கிளி:
பக்கத்துத் திரியில் ரெஸ்டன் ராஜாளி அருளியிருக்கும் வாக்கு இது: "வர்ஜீனியால வாங்கின டிக்கெட் எல்லாம் பேசர்ல தெரிஞ்சிடும். தேடிப் பாத்தேன், என் பேர்ல ஒண்ணுமே இல்ல. எப்படியும் 11 வருஷம் ஆனா கோர்ட்டே அழிச்சிடும்." இதற்கு வரிசையாகக் கைதட்டு வேறு. சிட்டிசன்ஷிப் ஃபார்மோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் இதைப் படித்துவிட்டு, "அப்ப நான் எதையும் சொல்ல வேண்டாம்தானே?" என்று கேட்கிறான். வயிறு எரிகிறது.

பேசர் என்பது ஃபெடரல் கோர்ட்டுகளின் கடை. பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கிக்கொண்டு திவால் கேஸும் பேட்டன்ட் கேஸும் காட்டும். கவுண்டி போலீஸ் எழுதிய ஸ்பீடிங் டிக்கெட்டை அங்கே தேடுவது, மளிகைக் கடையில் போய் பெட்ரோல் கேட்பது மாதிரி. அது அந்தந்தக் கவுண்டியின் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் இருக்கும். வர்ஜீனியா கோர்ட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அங்கே ஃபைல் இருப்பது 10 வருஷம். பதினொண்ணு இல்லை. பத்து.

ரெஸ்டன்_ராஜாளி:
என் பேரை இழுத்ததால வந்தேன். 11னு நான் கனவு கண்டு சொல்லல கிளியாரே. 2017ல 70 போர்டு போட்ட ரோட்டுல 84ல போனேன். அப்ப 80 மைல் தாண்டினாலே ரெக்லெஸ் டிரைவிங், அதாவது கிரிமினல் கேஸ். 2020 ஜூலைலதான் அதை 85 ஆக்கினாங்க. அதே 84 இன்னிக்குப் போயிருந்தா சாதா ஸ்பீடிங், ஆன்லைன்ல காசு கட்டிட்டுத் தூங்கப் போயிருப்பேன். எனக்கு லைசென்ஸ்ல 6 தண்டனைப் பாயின்ட், வக்கீல் ஃபீஸ், அரை நாள் லீவு. டி.எம்.வி.ல, அதான் லைசென்ஸ் தர்ற ஆபீஸ்ல, டிரைவிங் ரெக்கார்ட் வாங்கினப்ப கவுன்டர்ல இருந்த அம்மாவே சொன்னாங்க, இது 11 வருஷம் நிக்கும்னு. அனுபவிச்சவன் சொல்றேன், 11.

கோர்ட்டுக்கிளி:
அனுபவித்தவர் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்திருக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இவருக்காக அல்ல. கேஸ் நம்பர் 'ஜி.டி.' என்று தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். திறந்தால் என்ன சார்ஜ், பிறகு அது எதுவாகக் குறைந்தது, ஹியரிங் என்றைக்கு, அபராதம் எவ்வளவு, கட்டியாகிவிட்டதா என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பிறந்த தேதியில் மாதமும் நாளும் தெரியும், வருஷத்துக்கு நான்கு நட்சத்திரம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் அப்பீல் போகலாம். அப்படிப் போனால் கேஸ் சர்க்யூட் கோர்ட்டுக்கு நகர்ந்துவிடும், அங்கே தேட வேண்டும்.

ஒன்பது வருஷமாக இந்தத் தளத்தில் இதையேதான் எழுதுகிறேன். கோர்ட் ஃபைல் 10 வருஷம். கவுன்டர் அம்மாவுக்கு என் வணக்கம்.

டெக்சஸ்_அக்கா:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க. ஒருத்தர் கோர்ட் ஃபைலைச் சொல்றீங்க, இன்னொருத்தர் டி.எம்.வி. டிரைவிங் ரெக்கார்டைச் சொல்றீங்க. ரெண்டும் வேற வேற நோட்டு. அதுல பத்தும் சரி, இதுல பதினொண்ணும் சரி. இதுக்கு ஏன் சண்டை?

எங்க ஊர்ல இதைவிடக் கூத்து. சிட்டி போலீஸ் எழுதினா முனிசிபல் கோர்ட், ஷெரிஃபோ கான்ஸ்டபிளோ ஸ்டேட் ட்ரூப்பரோ எழுதினா ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட். ஹாரிஸ் கவுண்டில மட்டும் அப்படி 16 கோர்ட் இருக்கு. டிக்கெட்டைத் தொலைச்சுட்டா, நிறுத்தினவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்னு யோசிக்கணும்.

ரெஸ்டன்_ராஜாளி:
அக்காவே சொல்லிட்டாங்க, 11 சரின்னு. நன்றி அக்கா.

அப்புறம், ஃபெடரல்ல டிராஃபிக் டிக்கெட்டே வராதுங்கற மாதிரி பேசறவருக்கு ஒரு கேள்வி. ஃபெடரல் ரோடான ஜார்ஜ் வாஷிங்டன் பார்க்வேல பார்க் போலீஸ் பிடிச்சா எந்தக் கோர்ட்? அலெக்ஸாண்ட்ரியா ஃபெடரல் கோர்ட்! தெரியுமா, தெரியாதா?

கோர்ட்டுக்கிளி:
தெரியும். அந்த அபராதத்தைக் கட்டுவது ஃபெடரல் டிக்கெட்டுகளைக் கையாளும் சென்ட்ரல் வயலேஷன்ஸ் பியூரோவில் என்பதும் தெரியும். நீங்கள் பிடிபட்டது பார்க்வேயிலா? இல்லை. பிறகு எதற்கு அந்தக் கதை?

அக்கா '10 சரி' என்று முதலில் எழுதியதை மட்டும் இவர் கண் தாண்டிப் போய்விட்டது.

இனி அந்தப் புகழ்பெற்ற 'ஒண்ணுமே இல்ல'. ராஜாளி எந்தப் பெயரைப் போட்டுத் தேடினார்? தேடும் கட்டத்தில் கடைசிப் பெயர், கமா, முதல் பெயர் என்று அடிக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. விசாவில் முழுப் பெயரையும் கடைசிப் பெயராகத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று குத்திவிடுவார்கள். லைசென்ஸிலும் அதுவே வரும், போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்து டிக்கெட்டிலும் அதையே ஏற்றுவார். நீங்கள் அப்பா பெயர், கமா, உங்கள் பெயர் என்று தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. வரவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு கமா இருக்கிறது ஐயா.

எடிசன்_எழில்:
இந்தக் கவுண்டி கவுண்டின்னு சொல்றதே பாதி அமெரிக்காவுக்குப் பொருந்தாது. நியூஜெர்சில டிராஃபிக் கேஸ் கவுண்டி கோர்ட்டுக்குப் போறதே இல்ல. ஊருக்கு ஊர் முனிசிபல் கோர்ட். அந்தக் கோர்ட்டுகளோட தளமான என்.ஜே.எம்.சி. டைரக்ட்ல டிக்கெட் நம்பரும் வண்டி நம்பரும் போட்டா கேஸ் வந்து நிக்கும். எஃப்.என்.யூ. தொல்லையும் கிடையாது. வர்ஜீனியாக்காரங்க ரேடார் டிடெக்டரையே தடை பண்ணி வெச்சிருக்கிற ஆளுங்க, அவங்ககிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறது?

சும்மா_வந்தேன்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்து உக்காந்தாச்சு. என் ஓட்டு பத்தரைக்கு.

கோர்ட்டுக்கிளி:
எழில், தலைப்பில் வர்ஜீனியா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. டிக்கெட்டும் வண்டி நம்பரும் கையில் வைத்திருப்பவனுக்குத் தேடல் எதற்கு? ஆறு வருஷத்துக்கு முன் வாங்கினது, காகிதம் போய்விட்டது, அந்தக் காரையும் விற்றாகிவிட்டது என்பவன் கதி என்ன? போன வருஷம் வாடகை டெபாசிட் திரியிலும் இப்படித்தான் நடுவில் வந்து நியூஜெர்சி புராணம் பாடினீர்கள். நான் எதையும் மறப்பதில்லை.

எடிசன்_எழில்:
டெபாசிட் திரியில கடைசில யார் சொன்னது சரின்னு போய்ப் படிச்சுப் பாருங்க. லிங்க் வேணுமா?

கார்டு_காத்தான்:
மன்னிக்கணும், நான்தான் அந்தப் பையன். எனக்கு 2021ல ஒரு ரெக்லெஸ், 2016ல ஒரு ஸ்பீடிங். ஃபார்ம்ல சொல்லணுமா, வேண்டாமா?

டெக்சஸ்_அக்கா:
தம்பி, வர்ஜீனியால ரெக்லெஸ் கிளாஸ் 1 மிஸ்டிமீனர். 12 மாசம் வரைக்கும் ஜெயில், 2,500 டாலர் வரைக்கும் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு. அதைச் சின்ன டிக்கெட்னு ஒதுக்காதீங்க. சிட்டிசன்ஷிப் ஃபார்மான என்-400ல கேக்கறது 'எப்போதாவது'ன்னு. அதுல பத்தும் இல்ல, பதினொண்ணும் இல்ல. அந்தக் கோர்ட் கிளார்க்கிட்ட தீர்ப்போட சர்ட்டிஃபைடு காப்பி இப்பவே வாங்கி வைங்க. பழசுக்கு ஃபைல் இல்லன்னா, இல்லன்னு ஒரு கடிதமாவது கேட்டு வாங்கிக்கங்க. இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ரெண்டையும் காட்டிட்டு ஃபார்மை நிரப்புங்க.

ரெஸ்டன்_ராஜாளி:
இப்பத்தான் தேடிப் பாத்தேன். முழுப் பேரையும் சேத்துப் போட்டு, கமா, எஃப்.என்.யூ. வந்துடுச்சு. 2017, ஜி.டி. 17ன்னு ஆரம்பிக்குது. பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, அவங்க டைப் அடிச்ச லட்சணம். அதனாலதான் முன்னாடி வரலியே தவிர, நான் தேடினது தப்பில்ல.

ஆனா ஒண்ணு. பக்கம் முழுக்கப் பாத்துட்டேன். 10 வருஷம்னு எங்கயும் போடல.

கோர்ட்டுக்கிளி:
அடடா! 'ஒண்ணுமே இல்ல' என்று ஊருக்கே சொன்னவருக்குச் சொந்த கேஸ் கிடைத்துவிட்டது. இதற்கு ஒரு நன்றிகூடக் கிடையாது, டைப் அடித்தவர் மேல் குற்றம். பால் பாக்கெட்டில் கெட்டுப்போகும் தேதி போட்டிருப்பதுபோல ஃபைல் மேலேயும் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தீர்களா? எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது வர்ஜீனியா சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2017 கேஸ் இன்னும் கண்ணில் படுகிறதே, ஏன்? பத்து முடியவில்லை. அவ்வளவுதான்.

ரெஸ்டன்_ராஜாளி:
பதினொண்ணும்தான் முடியல.

சும்மா_வந்தேன்:
🤣🤣

கோர்ட்டுக்கிளி:
சும்மா வந்தவர் சும்மா இருக்கலாம்.

டெக்சஸ்_அக்கா:
நான் மேல எழுதினதை யாராவது படிச்சீங்களா?

ரெஸ்டன்_ராஜாளி:
படிச்சேன் அக்கா, 11 சரின்னு போட்டிருக்கீங்க. நாளைக்கு டி.எம்.வி. தாளையே ஸ்கேன் பண்ணிப் போடறேன். அப்ப இவர் என்ன சொல்றார்னு பாக்கலாம்.

கோர்ட்டுக்கிளி:
தாராளமாகப் போடுங்கள். லைசென்ஸ் நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள், அதை மறந்துவிட்டு அதற்கும் ஒரு திரி திறக்காதீர்கள். நான் கேட்பது கோர்ட் ஃபைல். டி.எம்.வி. தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பத்து.